72 மணி நேர மாத்திரையும் நம்ம ஊர் மருந்துக் கடையும்

திருநெல்வேலிப் பக்கம் பங்குனி உத்திரம் என்றால் சாஸ்தா கோயில். மும்பை, சென்னை, துபாய் என்று எங்கே வேலை பார்த்தாலும் குலதெய்வத்தைக் கும்பிட ஊருக்கு வந்துவிடுவார்கள். நாலு நாள் லீவு, சொந்தபந்தம், பொங்கல், அப்புறம் திரும்பவும் ரயில். இந்த நாலு நாளுக்காக எந்தப் பெண்ணும் வருஷம் முழுக்கக் கருத்தடை மாத்திரை போட்டுக்கொண்டிருக்க மாட்டாள். முதல் பிள்ளைக்கு ஒன்றரை வயசுதான் ஆகியிருக்கும். அடுத்ததைப் பற்றி இப்போதைக்கு நினைப்பே இருக்காது. ஊருக்கு வந்த கணவர் ஆணுறை வாங்கி வந்திருக்க மாட்டார். உள்ளூர்க் கடையில் போய்க் கேட்கக் கூச்சம். மறுநாள் காலையில்தான் யோசனை வரும்: "ஒரு தடவைதானே, அதுக்குள்ளயா உண்டாகிடும்?"

கல்யாணமாகாத பெண்ணுக்கும் இதே கேள்விதான். அவளுக்கு வாய்விட்டுக் கேட்க ஆள் இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

மாதத்தில் எந்த நாள் என்று பார்க்காமல் பொதுவாகக் கணக்கிட்டால், பாதுகாப்பில்லாத ஒரு உறவில் 100 பெண்களில் 3 முதல் 5 பேர் வரை உண்டாகலாம். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் இது சராசரி. மாதத்தின் பெரும்பாலான நாட்களில் வாய்ப்பு அநேகமாக இல்லவே இல்லை. சில நாட்களில் மட்டும் மூன்றில் ஒன்று வரை ஏறிவிடுகிறது. 1995-இல் அமெரிக்காவில் 221 பெண்களைத் தொடர்ந்து கவனித்து வெளியான ஆய்வு ஒன்று இதைத் துல்லியமாகக் காட்டியது. அதில் உண்டான கர்ப்பங்கள் எல்லாமே முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் சேர்ந்த ஆறு நாட்களுக்குள் நடந்த உறவினால் வந்தவை. காரணம் எளிது. சினைப்பையிலிருந்து வெளிவந்த முட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது. விந்தணுவோ பெண்ணின் உடம்புக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு காத்திருக்கும். எனவே செவ்வாய்க்கிழமை நடந்த உறவுக்கு ஞாயிற்றுக்கிழமை கரு பிடிக்கலாம். இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உறவுக்குப் பிறகு கர்ப்பத்தைத் தடுக்கும் அவசரக் கருத்தடை என்ற ஒன்று சாத்தியமாவதே இதனால்தான்.

அந்த ஆறு நாள் எது என்று கண்டுபிடிப்பதில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். "குளிச்சு ஒரு வாரத்துக்குப் பயமில்லை" என்று மதினியோ சித்தியோ சொல்லியிருப்பார்கள். முட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்பு. அடுத்தது எப்போது என்று தெரிந்தால்தானே பின்னோக்கி எண்ண முடியும்? 28 நாளுக்கு ஒரு முறை வருகிறவருக்கு நடு மாதம் என்பது சரி. 24 நாளுக்கு ஒரு முறை வருகிறவருக்குப் பத்தாம் நாளே முட்டை வந்துவிடும். அவருக்கு ஐந்தாம் நாளிலிருந்தே, அதாவது தீட்டு நின்றும் நிற்காமலும் இருக்கும்போதே, ஆபத்து தொடங்கிவிடுகிறது. ராத்திரி பகலாக உட்கார்ந்து பீடி சுற்றி, நேரத்துக்குச் சாப்பிடாமல், மாதவிலக்கு ஒவ்வொரு மாதமும் வேறு வேறு தேதியில் வருகிற மேலப்பாளையத்துப் பெண்ணும் முக்கூடல் பெண்ணும் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. போட்டாலும் நம்ப முடியாது. "வெளியே எடுத்துட்டேன்" என்று கணவர் சொல்லும் சமாதானமும் அப்படித்தான். அதை மட்டுமே நம்பி ஒரு வருஷம் ஓட்டுகிற 100 பேரில் ஏறக்குறைய 20 பேர் உண்டாகிவிடுகிறார்கள்.

சரி, அந்த 72 மணி நேர அவசரக் கருத்தடை மாத்திரைக்கு வருவோம். ஐ-பில், அன்வாண்டட்-72 என்று கடைப் பெயர்கள் பல. உள்ளே இருப்பது ஒன்றுதான்: லெவோநார்ஜெஸ்ட்ரல், 1.5 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை. அரசின் குடும்ப நலத் திட்டத்தில் இதற்கு 'ஈசி பில்' என்று பெயர். தினசரி கருத்தடை மாத்திரையில் இருக்கும் அதே ஹார்மோன்தான், அளவு மட்டும் கூடுதல். அது செய்கிற வேலை முட்டை வெளிவருவதைச் சில நாள் தள்ளிப்போடுவது. உள்ளே காத்திருக்கும் விந்தணு அதற்குள் செத்துப்போகும். குளத்து மடைப் பலகையை இறக்குவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் வயலுக்குப் போகுமுன் இறக்கினால் பலன், போன பிறகு இறக்கி என்ன? மூளையிலிருந்து முட்டையை வெளியேற்றச் சொல்லும் ஹார்மோன் ஏற ஆரம்பித்துவிட்டால் இந்த மாத்திரைக்கு வேலை இல்லை. கரு பிடித்துவிட்டால் அதை இது கலைக்காது. வளரும் கருவுக்குக் கெடுதலும் செய்யாது.

இதனால்தான் மாத்திரை எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறது என்பதே முக்கியம். உலக சுகாதார நிறுவனம் நடத்தி 1998-இல் வெளியான ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் போட்டவர்களிடம் எதிர்பார்க்கப்பட்ட கர்ப்பங்களில் 95 சதவீதம் தடுக்கப்பட்டிருந்தது. இரண்டாவது நாள் போட்டவர்களிடம் 85. மூன்றாவது நாள் 58. பிந்தைய கணக்குகள் இதைவிடக் கொஞ்சம் குறைவான பலனைச் சொல்கின்றன. ஆனால் 'முந்தினால் நல்லது' என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அட்டையில் 72 மணி நேரம் என்று போட்டிருந்தாலும் ஐந்தாம் நாள் வரை ஓரளவுக்குப் பலன் உண்டு. ஆனால் அட்டையிலுள்ள 72-ஐப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாள் இருக்கே, திங்கக்கிழமை பார்த்துக்கலாம்" என்று நினைப்பதுதான் ஆபத்து.

நம்ம ஊரில் அந்த மணி நேரங்கள் எங்கே கரைகின்றன தெரியுமா? மருந்துக் கடை வாசலில்.

திருநெல்வேலி சந்திப்பு, வண்ணார்பேட்டை, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி எதிரே என்று எங்கே போனாலும் வரிசையாகக் கடைகள். ஒரு ஆள் போய், பக்கத்தில் நிற்பவர் நகரும் வரை காத்திருந்து, குரலைத் தணித்துக் கேட்பார்: "அண்ணாச்சி, அந்த எழுவத்திரெண்டு மணி நேர மாத்திரை இருக்கா?" அண்ணாச்சி தலை நிமிராமல், "அதெல்லாம் நாங்க வைக்கதில்ல தம்பி, டாக்டர் சீட்டு இருக்கா?" என்பார். அடுத்த கடையிலும் அதே பதில். மூன்றாவது கடைக்குப் போகத் தைரியம் வராது. இவர்களாவது ஆண்கள். ஒரு பெண் தனியாக அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று இதைக் கேட்பதை நினைத்துப் பாருங்கள். கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிற பையன் அவள் தெருக்காரனாகவும் இருப்பான்.

இந்த மாத்திரையைச் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று மத்திய அரசு 2005-இலேயே விலக்கு அளித்துவிட்டது. மற்ற மாநிலங்களில் இருமல் மருந்து மாதிரி கடையில் வாங்கிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் மட்டும் பல வருஷமாகப் பெரும்பாலான கடைகளில் இது கண்ணில் படுவதில்லை. சட்டத்தில் தடை கிடையாது. ஆனாலும் கடைக்காரர்கள் வைப்பதில்லை. கேட்டால் "பிரச்சினை வரும்" என்பார்கள். என்ன பிரச்சினை என்று கொஞ்சம் நோண்டினால் பதில் வரும்: "கலைக்கிற மாத்திரைல்லா அது."

இல்லை. எல்லாக் குழப்பமும் இங்கேதான் முளைக்கிறது. கருக்கலைப்பு மாத்திரை என்பது வேறு அட்டை: மிஃபெப்ரிஸ்டோன் ஒன்று, மிசோப்ரோஸ்டால் நான்கு, ஆக ஐந்து மாத்திரை. கரு உண்டான பிறகு, ஒன்பது வாரத்துக்குள், மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டியது. சீட்டு இல்லாமல் விற்றால் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் நடவடிக்கை எடுப்பார்கள், எடுக்கவும் வேண்டும். கண்டபடி வாங்கிப் போட்டு ரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிற கதைகள் உண்மையானவை. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதே பயத்தை, கருவைத் தொடவே தொடாத இன்னொரு மாத்திரை மேலும் ஏற்றி, இரண்டையும் ஒரே அலமாரியில் இருந்து தூக்கிவிட்டார்கள். கடைசியில் என்ன ஆகிறது? முதல் மாத்திரை கிடைக்காத பெண்தான் ஆறு வாரம் கழித்து இரண்டாவதைத் தேடிப் போகிறாள். கலைப்பைத் தடுக்க நினைத்தவர்கள் கலைப்புக்கு ஆள் சேர்த்துக் கொடுத்த கதைதான் இது என்பது என் அபிப்பிராயம்.

இதில் ஒரு வேடிக்கை. அதே கடையில், கோயில் கொடைக்கோ கல்யாணத்துக்கோ 'நாள் தள்ளிப்போடுற மாத்திரை' கேட்டால் அட்டை உடனே வந்துவிடும். அதுவும் ஹார்மோன்தான், நாரெத்திஸ்டெரோன். அதுவும் மருத்துவர் சொல்லிச் சாப்பிட வேண்டியதுதான். அம்மனுக்கு என்றால் கூச்சமில்லாமல் கைமாறும் ஒன்று, இதற்கென்றால் முகம் சுளிக்க வைக்கிறது. (நாள் தள்ளிப்போடும் அந்த மாத்திரையை அவசரத்துக்குக் கருத்தடையாகப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அது அந்த வேலைக்கானது இல்லை. நாள் தள்ளிப்போவதை வைத்து உண்டாகியிருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளவும் முடியாமல் குழப்பிவிடும்.)

பப்பாளிக்காய், அன்னாசி, எள்ளும் கருப்பட்டியும் இடித்த உருண்டை, உறவு முடிந்ததும் கழுவிக்கொள்வது, குதித்து ஏறி இறங்குவது: இவை எதுவும் கருத்தரிப்பைத் தடுக்காது. எள்ளுருண்டை ருசிக்குச் சாப்பிடலாம்.

கடையில் கிடைக்கவில்லை என்றால் என்ன வழி? ஆரம்ப சுகாதார நிலையமும் கிராம சுகாதார செவிலியரும். அங்கே ஈசி பில் கையிருப்பு இருக்கிறதா என்று தேவைப்படாத காலத்திலேயே கேட்டு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகிற அன்றைக்கே, "நர்சம்மா, அவுக உத்திரத்துக்கு வாராக, எதாவது குடுங்க" என்று கேட்டால் ஆணுறையோ, மாத்திரையோ, மூன்று மாத ஊசியோ வழி சொல்லிவிடுவார். இப்படிக் கேட்கிற பெண்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். கேட்காதவர்கள்தான் அதிகம்.

அவசர மாத்திரை கையில் கிடைக்காதபோது தினசரிக் கருத்தடை மாத்திரையையே கொண்டு சமாளிக்கும் பழைய முறை ஒன்று உண்டு. 1970-களில் யூஸ்பே என்ற கனடா மருத்துவர் முன்வைத்தது. அரசு இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையில் ஹார்மோன் மாத்திரை நான்கை உடனேயும், பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு நான்கையும் போடுவது. அதே அட்டையில் கடைசி ஏழு மாத்திரை இரும்புச்சத்து. அதை எடுத்துப் போட்டால் எந்தப் பலனும் இல்லை. இந்த முறையில் பலன் குறைவு, குமட்டலும் வாந்தியும் அதிகம். மேலே சொன்ன 1998 ஆய்வே இதற்கும் லெவோநார்ஜெஸ்ட்ரலுக்கும் நடந்த போட்டிதான்: லெவோநார்ஜெஸ்ட்ரல் போட்டவர்களில் 100-க்கு ஒருவர் சொச்சம் உண்டானார்கள், இந்தப் பழைய முறையில் 100-க்கு மூன்று பேருக்கு மேல். ரத்தக்கட்டு, பக்கவாதம், கடுமையான ஒற்றைத் தலைவலி என்று ஏதாவது இருந்தவர்கள் செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பலமான வழி ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் யாருமே பேசுவதில்லை: காப்பர்-டி. உறவு நடந்து ஐந்து நாளுக்குள் கருப்பையில் பொருத்திவிட்டால் 99 சதவீதத்துக்கு மேல் கர்ப்பம் தடுக்கப்படும். தாமிரம் விந்தணுவை முடக்குகிறது, கரு பதியவும் இடம் கொடுப்பதில்லை. முட்டை வெளிவரும் நேரம் தாண்டிவிட்டதோ என்ற கவலையும் வேண்டாம். உடல் எடை எவ்வளவு இருந்தாலும் பலன் குறையாது. பிறகு எடுக்காமல் விட்டுவிட்டால், எந்த வகை என்பதைப் பொறுத்து ஐந்து வருஷமோ பத்து வருஷமோ அதுவே கருத்தடை. பாளையங்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர் மாதிரி ஊர்களின் அரசு ஆஸ்பத்திரிகளிலும் காசில்லாமல் போடுவார்கள். ஆனால் நம்ம ஊரில் காப்பர்-டி என்றால் பிரசவம் முடிந்த கையோடு போடுவது என்று மட்டுமே பதிந்துவிட்டது. 'குடும்பக் கட்டுப்பாடு' என்றால் இரண்டு பிள்ளைக்குப் பிறகு ஆபரேஷன். தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நம்பியிருப்பது அந்த ஆபரேஷனைத்தான். கல்யாணத்துக்கும் ஆபரேஷனுக்கும் இடையிலுள்ள ஐந்தாறு வருஷத்தை எப்படி ஓட்டுவது என்பது அவரவர் பாடு என்று விட்டிருக்கிறோம்.

மாத்திரை போட்டாயிற்று. அடுத்து? குமட்டல், தலைவலி, மார்பில் வலி, லேசான தலைசுற்றல் ஒன்றிரண்டு நாள் இருக்கலாம். இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு மாத்திரை போட வேண்டும். நடுவில் கொஞ்சம் ரத்தம் பட்டாலும், அடுத்த மாதவிலக்கு சில நாள் முன்பின்னாக வந்தாலும் பயப்பட வேண்டாம். அந்த ரத்தத்தைப் பார்த்து 'சரியாகிவிட்டது' என்று நம்பிவிடவும் வேண்டாம். இன்னொன்று, பலருக்கும் தெரியாதது: மாத்திரை முட்டையைத் தள்ளித்தான் போட்டிருக்கிறது. அது இனிமேல்தான் வரும். மாத்திரை போட்ட தைரியத்தில் அடுத்த நாள் மறுபடியும் பாதுகாப்பில்லாமல் இருந்தால் உண்டாகும் ஆபத்து உண்டு. ஊரில் இருக்கிற மிச்ச நாளுக்கு ஆணுறை கட்டாயம்.

"அடிக்கடி போட்டால் கருப்பை கெட்டுவிடும், பிள்ளையே பிறக்காது" என்பது சுத்தமான கட்டுக்கதை. ஒரே மாதத்தில் இரண்டு முறை போட்டாலும் மலட்டுத்தன்மை வராது. மாதவிலக்கு தாறுமாறாகும்; அதோடு, மாதாமாதம் இதையே நம்பினால் சாதாரணக் கருத்தடை மாத்திரையைவிட அதிகமாகவே தவறிப்போகும். அவ்வளவுதான்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்கள், வலிப்புக்குப் ஃபெனிடோயின், கார்பமசெபைன் எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். இந்த மருந்துகள் லெவோநார்ஜெஸ்ட்ரலைச் சீக்கிரம் கரைத்து வெளியேற்றிவிடுவதால் அளவை இரட்டிப்பாக்க வேண்டிவரும். காப்பர்-டி இன்னும் நல்லது. உடல் பருமன் அதிகம் உள்ளவர்களுக்கும் மாத்திரையின் பலன் குறைகிறது. பால் கொடுக்கும் தாய் போடலாம். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், தாய்ப்பால் மட்டுமே கொடுத்துக்கொண்டு, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால் உண்டாகும் வாய்ப்பே 100-க்கு 2-தான். ஆனால் இந்த மூன்று நிபந்தனையில் ஏதாவது ஒன்று தவறினாலும் அந்தக் கணக்கு செல்லாது. 'பால் குடுக்கேன், எனக்கு என்ன?' என்று இருந்து, முதல் பிள்ளை நடக்கும் முன் இரண்டாவது வந்துவிட்ட வீடுகள் எத்தனை.

உறவு விருப்பமில்லாமல் நடந்தது என்றால் கடை தேடி அலைய வேண்டியதில்லை. எந்த ஆஸ்பத்திரியும், அரசோ தனியாரோ, இலவசமாக உடனே சிகிச்சை தந்தாக வேண்டும் என்பது சட்டம். போலீஸ் புகார் இருந்தால்தான் பார்ப்போம் என்று சொல்லக் கூடாது. அவசரக் கருத்தடை அந்தச் சிகிச்சையில் ஒரு பகுதி. எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டியது. பாளையங்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதற்கான ஏஆர்டி மையம் இருக்கிறது. பெண்கள் உதவி எண்ணான 181-க்கு அழைத்தால் வழிகாட்டுவார்கள். 104 மருத்துவ ஆலோசனைக்கு.

எல்லாம் செய்தும் நாள் தள்ளிப்போனால்? வர வேண்டிய தேதியைத் தாண்டி ஒரு வாரம் ஆனால், அல்லது உறவு நடந்து மூன்று வாரம் ஆனால், சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடலாம். அந்த அட்டை எந்தக் கடையிலும் யாரும் முகம் சுளிக்காமல் தருவார்கள். செவிலியரிடமும் இலவசமாகக் கிடைக்கும். காலை முதல் சிறுநீர் நல்லது. இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தாலும் கோடு கோடுதான். அதற்கு முன்பே அவசரப்பட்டுப் பார்த்து ஒற்றைக் கோடு என்று நிம்மதியடைவதில் அர்த்தமில்லை. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலியும் மயக்கமும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி; கரு குழாயில் தங்கியிருக்கலாம்.

இரண்டு கோடு விழுந்து, வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதற்கும் சட்டம் இடம் கொடுக்கிறது. 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்ட பிறகு, 20 வாரம் வரை ஒரு மருத்துவர் ஒப்புக்கொண்டாலே போதும். கருத்தடை தவறிப்போனது என்பதே போதுமான காரணம். கணவன் கையெழுத்து தேவையில்லை. 18 வயது நிரம்பிய பெண் என்றால் அவள் சம்மதம் மட்டும் போதும். திருத்தம் 'கணவர்' என்ற இடத்தில் 'துணைவர்' என்று சேர்த்தது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கல்யாணமாகாத பெண்ணுக்கும் கல்யாணமான பெண்ணுக்கும் இதில் வேறுபாடு காட்டக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 18 வயதுக்குக் கீழே என்றால் மருத்துவர் போக்ஸோ (சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான) சட்டப்படி போலீஸுக்குத் தகவல் தர வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரையும் அடையாளத்தையும் அதில் சொல்ல வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. இந்தக் கடைசி விஷயம் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் இருப்பவர்கள் பலருக்கே தெரியாது. தெரியாமல் அவர்கள் திருப்பி அனுப்புகிற பெண்தான் அப்புறம் எங்கோ ஒரு சந்தில், பெயர்ப்பலகை இல்லாத வீட்டுக்குப் போகிறாள்.